தமிழ்நிலாவின் கல்யாண வண்டி

என் வீட்டுக்காரர் நூர் முஹம்மதுக்கு ஆண்டவன் இரண்டு காது கொடுத்திருக்கிறான். இரண்டும் கார்புரேட்டருக்குத்தான். வீட்டில் நான் ஒன்றைச் சொன்னால் மூன்றாவது தடவைதான் அவருக்குள் இறங்கும். ஆனால் ரோட்டில் போகிற ஏதோ ஒரு பழைய கார் லேசாக இருமினால் போதும், சோற்றுத் தட்டை விட்டு எழுந்துபோய் வாசலில் நின்று, "இதுக்குப் பெட்ரோல் ஜாஸ்தியாப் போவுது" என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சொல்வதெல்லாம் சரியாகவே இருந்து பழகிய மனிதனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரம், உப்பளத்துக்குப் பாதை பிரிகிற இடத்தில் எங்கள் கொட்டகை. எங்கள் என்றால் இரண்டு வீட்டுக்கும். இவர் கார்புரேட்டர், பம்ப், டேங்க். முருகையன் அண்ணன் பேட்டரி, காயில், பிளக், ஒயரிங். பழைய கார் வைத்திருப்பவர்கள் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் இங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். பெட்ரோலில் தகராறு என்றால் இவர் பார்ப்பார், கரண்ட்டில் தகராறு என்றால் அவர். எதில் தகராறு என்றே தெரியாவிட்டால் இரண்டு பேரும் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, உன் பக்கம்தான் கோளாறு, இல்லை உன் பக்கம்தான் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள். பிறகு ஒரே கிளாஸ் டீயைப் பிரித்துக் குடிப்பார்கள். அண்ணன் பெண்சாதி பொன்னியும் நானும் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே வயதானவர்கள்.

அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு வண்டியும் இருந்தது. ஓடாது என்று ஒரு உப்பு வியாபாரி தலைமுழுகிவிட்டுப் போன அம்பாசிடர். இரண்டு பேரும் சேர்ந்து அதை எலும்பிலிருந்து எழுப்பினார்கள். பாசிப்பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். யார் கேட்டும் விற்கவில்லை. எங்கள் மகள் ஃபர்சானாவின் நிக்காஹ் அன்று அந்த வண்டியில்தான் அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். ஓட்டியவர் முருகையன் அண்ணன். அவளைப் பத்திரமாக இறக்கிவிட்டு வரும்வரை பிரியாணியைத் தொடமாட்டேன் என்று வெறும் வயிற்றோடு ஓட்டினார். திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "எம் பொண்ணு போறப்ப நூருதான் ஓட்டணும். வேற எவனும் அந்த சீட்ல உக்காரக் கூடாது" என்றார். அவர் மகள் தமிழ்நிலா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு முன்சீட்டு, மாமா. நான் பின்னால உக்கார மாட்டேன்" என்றாள். இவர் சரி என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்தத் தமிழ்நிலாவுக்குத்தான் போன மாசியில் கல்யாணம் நிச்சயமானது. பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளை இரும்பை ஊர்க்காரர், கலையரசன். அங்கே சிவன் கோயிலில் தாலி கட்டு. பெண் அழைப்புக்கு அம்பாசிடர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

எங்கள் ஊரில் எதையும் திறந்து வைக்க முடியாது. உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். சர்க்கரை டப்பா வாயில் பாலிதீன் கட்டுவோம். ஆணியைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வைப்போம். பூட்டுக்குச் சாக்குத்துணியால் சட்டை தைத்து மாட்டுவோம். அடைத்து வைத்தால்தான் பொருள் தங்கும் என்பது இங்கே பாலோடு ஊட்டப்படுகிற பாடம். போதாததற்கு, இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் அம்பாசிடரின் டேங்கை நிறைத்துத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அன்றைக்குத் துணி துவைக்கிற கல்லுக்கு வந்து என்னிடம் ஒரு துண்டு சோப்பு கேட்டார். டேங்கில் பொடி ஓட்டை விழுந்தால் சோப்பை வைத்து அழுத்துவது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். நானும் எதற்கென்று கேட்காமல், நீல சோப்பில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்து, "கேக்கறதெல்லாம் குடுக்கறதுக்கு நான் என்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடையா?" என்றேன்.

தையில் தார்ப்பாயை எடுத்தார்கள். வண்டி கொட்டகைக்குள் நின்றபடி நன்றாக ஓடியது. ரோட்டில் இறக்கினால் அனுமந்தை தாண்டும்வரை குதிரை மாதிரி போகும். பிறகு மூச்சுவாங்கும். குலுங்கும். நின்றுவிடும்.

இவர் கார்புரேட்டரைக் கழற்றினார். சேம்பர் என்று அவர்கள் சொல்கிற பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பாத்தியா, நான் சொன்னேனில்ல என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதைச் சுரண்டிக் கழுவி, பெட்ரோலை உள்ளே விடும் ஊசியை மாற்றி, மிதவையை மாற்றி, உள்ளே ஏறி இறங்குகிற பிஸ்டனைத் துடைத்து மாட்டினார். அந்தப் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டொக்' என்று ஒரே சத்தத்தோடு விழ வேண்டும். உரசினால் சரியில்லை என்று அர்த்தம். 'டொக்' என்று விழுந்தது. குழந்தை முதல் வார்த்தை பேசியதுபோல இவர் முகம் மலர்ந்தது. பம்பின் ரப்பரையும் மாற்றினார். அண்ணன் தன் பங்குக்கு பாயின்ட், கண்டென்சர், காயில், பிளக் எல்லாம் புதிதாகப் போட்டார். வண்டி மறுபடியும் அனுமந்தை தாண்டி நின்றது.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் இரும்பைக் கோயிலுக்குச் சாமான் கொடுக்கப் புறப்பட்டோம். வண்டியையும் ஓட்டிப் பார்த்த மாதிரி இருக்கும் என்றார்கள். இவர் ஓட்டினார். முன்சீட்டில் தமிழ்நிலா. பின்னால் அண்ணன், பொன்னி, நான். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது.

அந்த வண்டியில் பெட்ரோல் முள் செத்து ரொம்ப நாளாகிறது. அதனால் எப்போது நின்றாலும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார்கள். அண்ணன் இறங்கித் திறந்தார். 'உஸ்'ஸென்று ஒரு சத்தம். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னண்ணே, என் ஊறுகாய் ஜாடியத் தொறந்த மாதிரி சத்தம் வருது?" என்றேன். இவர் சிரித்தார். அண்ணன், "கவலைப்படாத தங்கச்சி, எலுமிச்சங்காயா நார்த்தங்காயான்னு பாத்துச் சொல்றேன்" என்றார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

குச்சி பாதிக்கு மேல் நனைந்திருந்தது. பம்பைக் கையால் அடித்தார்கள், பெட்ரோல் வந்தது. சேம்பரில் பெட்ரோல் நின்றது. வண்டி கிளம்பியது. கூனிமேடு தாண்டி மறுபடி நின்றது. மறுபடி மூடி, குச்சி, பம்ப். மூன்றாவது தடவை நின்றபோது உச்சி வெயில். சாமான் கூடையில் வெற்றிலை வதங்கிக்கொண்டிருந்தது. பொன்னி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பார்க் நல்லா வருதுடா. உன் கார்புரேட்டரப் பாரு" என்றார் அண்ணன்.

இவருக்கு ஏறிவிட்டது. சேம்பர் நிறையப் பெட்ரோல் இருக்கிறது, பிறகு அதில் என்ன குறை என்று கத்தினார். கத்தியதோடு நின்றிருக்கலாம். எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். அன்றைக்கு வாயில் சனியன் உட்கார்ந்திருந்தது.

"அந்தக் கண்டென்சர் டூப்ளிகேட்தான? பெத்த பொண்ணு வண்டிக்கே டூப்ளிகேட் போடுறவன் நீ" என்றார்.

அண்ணன் கையில் இருந்த வேஸ்ட் துணியை மடித்து மட்கார்டின் மேல் வைத்தார். ரோட்டைக் கடந்து போய் மரக்காணம் போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். பொன்னி கூடையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கினாள். தமிழ்நிலா மட்டும் இவர் பக்கத்தில் போய், "மாமா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள். இவர் பானெட்டுக்குள் விட்ட தலையை எடுக்கவில்லை. அவள் போய் பஸ்ஸில் ஏறினாள்.

அன்று சாயங்காலமே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். வண்டியைச் சரிபண்ணிக்கொண்டுதான் அவன் வாசலுக்குப் போவேன், அப்போது தெரியும் யார் பக்கம் கோளாறு என்று, என்றார். கல்யாணப் பத்திரிகையைப் பொன்னியின் தம்பி கொளஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பத்திரிகை வந்ததே அவமானமாக இருந்தது எனக்கு. ஃபர்சானா கல்யாணத்துக்குப் பொன்னிக்கு நான் பத்திரிகை வைக்கவே இல்லை. அவள்தான் என் கூட உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பெயர் எழுதினாள்.

பெண் அழைப்பு அன்று இவர் கொட்டகையில் கார்புரேட்டரை மறுபடியும் பிரித்துப் போட்டிருந்தார். "நீ போ. நான் வண்டிய எடுத்துனு பின்னாலயே வர்றேன்" என்றார். நான் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் பூச்சரம் கட்டிய இன்னோவா நின்றது. தமிழ்நிலா பட்டுப் புடவையோடு வெளியே வந்து முன்கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஈ.சி.ஆர். பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு கிழவி, பொண்ணு முன்னால உக்காரக் கூடாது என்றாள். நல்ல நேரம் போகிறது என்று பொன்னி சொன்னாள். சொல்லும்போது அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்தாள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. பிறகு பெண் பின்சீட்டில் ஏறினாள், வண்டி போய்விட்டது.

நான் திரும்பி வந்தபோது இவர் பிஸ்டனைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். டொக். டொக். அதைப் பிடுங்கி உப்பளத்தில் எறியலாமா என்றிருந்தது. மறுநாள் தாலி கட்டுக்கும் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார். நான் தனியாகப் பஸ்ஸில் போய், பந்தியில் தெரியாதவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவர் என் வீட்டுக்காரர் என்று என்னால் யாரிடம் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு அண்ணன் கொட்டகைக்கு வரவில்லை. அவர் டூல்ஸ் பெட்டியையும் கொளஞ்சிதான் வந்து எடுத்துப்போனான். இடையஞ்சாவடியில், வெள்ளைக்காரர்களின் பழைய ஜீப்புகளைப் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் சேர்ந்துகொண்டார். மகள் வீடு பக்கம் என்று சொல்லி வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். பொன்னி போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். சொல்லாமல் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தெருக்காரர்கள் எல்லாரிடமும் சொன்ன மாதிரியே என்னிடமும் சொன்னாள்.

ஆடி பிறந்தது. வண்டி ஓடாமல் கிடக்கிறது, பெட்ரோலாவது கெடாமல் இருக்கட்டும், வெளியே எடுத்துவிடலாம் என்று இவர் ஒரு நாள் காலையில் ட்யூபோடு வந்தார். கேனைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். டேங்க் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தார். அதை எங்கே வைப்பது என்று திருப்பினேன். மூடியின் உள்பக்கம், நடுவில், கடுகளவு நீலம் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். காய்ந்து கல்லாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் நாற்றத்துக்கு அடியில் என் துவைக்கிற கல்லின் வாசம்.

"ஏங்க, இது என் சோப்பு இல்ல?" என்றேன்.

அவர் மூடியை வாங்கிப் பார்த்தார். அப்புறம் ட்யூபைக் கீழே போட்டுவிட்டு, வண்டியின் பின்பக்கம் சாய்ந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"காத்து போறதுக்கு அதுல ஒரு ஓட்ட இருக்கும். மழ ஈரம் உள்ள போவக் கூடாதுன்னு நான்தான் அடச்சேன். எடுக்க மறந்துட்டேன்" என்றார்.

எனக்குப் புரியும்படி அவரே சொன்னார். பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். ஓட்டை அடைபட்டால் கொஞ்ச தூரத்துக்கு மேல் டேங்க் பெட்ரோலை விடாது. வண்டி நின்றதும் இவர்கள் குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறந்தார்கள். திறந்த உடனே காற்று உள்ளே போயிற்று, பெட்ரோல் வந்தது. கோளாறு எங்கே என்று தேடும்போதெல்லாம் தங்கள் கையாலேயே கோளாறை விரட்டிவிட்டுத்தான் தேடியிருக்கிறார்கள். கார்புரேட்டரிலும் ஒன்றுமில்லை. கண்டென்சரிலும் ஒன்றுமில்லை. 'உஸ்'ஸென்ற சத்தம் காதில் விழுந்தும் மூன்று பேரும் சிரித்தோம்.

கம்பியால் குத்தி ஓட்டையைத் திறந்தார். சட்டைகூட மாற்றவில்லை. நான் புர்காவை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். அனுமந்தை வந்தது. வண்டி நிற்கவில்லை. கூனிமேடு வந்தது. நிற்கவில்லை. ஆடிக்காற்று முகத்தில் அடிக்க, அந்தப் பாழாய்ப்போன வண்டி பூப்போல ஓடியது. ஒரு தடவையாவது நின்று தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். நின்றால் வேறு ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? காலாப்பட்டும் தாண்டிவிட்டது.

இடையஞ்சாவடியில் அவர்கள் வீடு ஒர்க்‌ஷாப்பை ஒட்டியே இருந்தது. வண்டி தெரு முனை திரும்புவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்து நின்றிருந்தார். இவர் இறங்கினார், மூடியைக் கழற்றி நீட்டினார்.

"நான்தான்டா. சோப்பு வெச்சு அடச்சது நான்தான். மறந்துட்டேன்டா."

அண்ணன் மூடியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"கண்டென்சர் ஒரிஜினல்தான்" என்றார்.

"தெரியும்டா."

"அன்னிக்குத் தெரியலயே."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குப் பிழைக்க வழி இருந்திருக்கும். மூடியை அவரே போய் டேங்கில் திருகி மூடிவிட்டு, பொன்னியிடம் டீ போடச் சொன்னார். பொன்னி என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். எனக்கு அவள் வீட்டில் நாற்காலி போட்டது அன்றுதான். எப்போதும் அடுப்படியில் அவள் பக்கத்தில் தரையில்தான் உட்காருவேன்.

ஆடிக்கு அழைத்து வந்திருந்ததால் தமிழ்நிலாவும் வீட்டில் இருந்தாள். சத்தம் கேட்டு வாசலுக்குப் போனாள். நானும் எழுந்து பின்னால் போனேன். அவள் வண்டியைச் சுற்றி வந்து, முன்கதவின் மேல் கை வைத்தாள். அன்றைக்கு இன்னோவாவின் கதவில் வைத்த மாதிரியே.

இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறு கண்ணு. இரும்பை வரைக்கும் போயிட்டு வரலாம். எங்கயும் நிக்காது, மாமா பாத்துட்டேன்" என்றார். கெஞ்சுகிற குரல் அது. இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

தமிழ்நிலா ஏறவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"வண்டி நின்னா நின்னுட்டுப் போவுது, மாமா. அதையா நான் கேட்டேன்? அன்னிக்கு நீங்க ஒரு ஆட்டோவ எடுத்துனு வந்து கூப்ட்டிருந்தாகூட நான் ஏறியிருப்பேன். நீங்கதான் வரல."

சொல்லிவிட்டு, அவர் பிடித்திருந்த கதவை மெதுவாகச் சாத்தினாள். டீ ஆறுகிறது, வாங்க மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். இவர் போய்க் குடித்தார். அண்ணன் பக்கத்தில் நின்று குடித்தார். இரண்டு பேருக்கும் தனித்தனி கிளாஸ்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பொன்னி எதற்கெடுத்தாலும் சொல்லுவாள். அன்றைக்குச் சொல்லமாட்டாளா, சொல்லி என்னை நாலு திட்டு திட்டமாட்டாளா என்று கிளம்பும்வரை காத்திருந்தேன். தெருமுனை வரை வந்து, பத்திரமாப் போங்கக்கா என்றாள்.

திரும்பும் வழியில் நான் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதற்கு என்ன மிச்சம் இருந்தது? கூனிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அன்றைக்கு மூன்றாவது தடவை நின்ற இடத்தில், இவரே வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய், அண்ணன் பஸ்ஸுக்குக் கைகாட்டிய இடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இன்ஜினை அவர் அணைக்கவில்லை. ஒரு தடவைகூட இருமாமல் அது ஓடிக்கொண்டே இருந்தது.